ஓட்ஸ் பாருக்குள் சர்க்கரை வந்த கதை: டாக்டர் கெல்லாக்கும் அவர் தம்பியும்

ஹெப்பகோடியில் தங்கி, எலெக்ட்ரானிக் சிட்டிக்கோ பொம்மசந்திராவுக்கோ வேலைக்குப் போகிற நம்மாட்களுக்கு காலைச் சாப்பாடு ஒரு தினசரித் தலைவலி. பிஜி-யில் டிபன் ரெடியாகும் நேரமும் ஷிஃப்ட் தொடங்கும் நேரமும் ஒத்துப்போகாது. அதனால் பையில் ஒரு ஓட்ஸ் பார். தினமும் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று, ஞாயிற்றுக்கிழமை ஒரு கடாயும் கொஞ்சம் வெல்லமும் வைத்து வாரத்துக்கும் சேர்த்துச் செய்து வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கடை பாரின் கவரைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் ஓட்ஸ் கதிரும் தேன் துளியும் இருக்கும். பின்பக்கம் சேர்மானப் பட்டியல். இந்தியாவில் இந்தப் பட்டியலை எடையின் இறங்குவரிசையில்தான் அச்சிட வேண்டும். எது அதிகமோ அது முதலில். பல பார்களில் ஓட்ஸுக்குப் பின்னாலேயே சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ தேனோ வந்துவிடுகிறது. சிலவற்றில் மூன்றும் தனித்தனிப் பெயரில் தள்ளித் தள்ளி நிற்கும். கூட்டிப் பார்த்தால்தான் இனிப்பு எவ்வளவு என்று தெரியும்.

உடம்புக்கு நல்லது என்று சொல்லி விற்கும் தானியத்துக்குள் இவ்வளவு இனிப்பு எப்படி வந்தது? இதற்கான பதிலில் பாதி, டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் என்பவரின் வாழ்க்கையில் இருக்கிறது. ஆமாம், கார்ன் ஃப்ளேக்ஸ் டப்பாவில் இருக்கிற அதே கெல்லாக். ஆனால் அந்த டப்பாவில் உள்ள கையெழுத்து இவருடையது இல்லை, தம்பியுடையது. மீதிப் பாதி பதில் அந்தத் தம்பியிடம் இருக்கிறது.

துடைப்பமும் அச்செழுத்தும்

ஜான் பிறந்தது 1852 பிப்ரவரி 26, அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில். அவருடைய சிறு வயதிலேயே குடும்பம் பேட்டில் க்ரீக் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அப்பா அங்கே துடைப்பம் செய்யும் பட்டறை வைத்திருந்தார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த குடும்பம். கிறிஸ்துவின் வருகை சீக்கிரமே நடக்கப்போகிறது என்று உறுதியாக நம்பியவர்கள் என்பதால், பிள்ளைகளை நீண்ட காலம் பள்ளிக்கூடம் அனுப்புவதில் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. பையன் துடைப்பப் பட்டறையில் வேலை பார்த்தான். 12 வயதில் சபையின் அச்சகத்துக்கு எடுபிடியாகப் போனான்.

அங்கேதான் எல்லாம் மாறியது. சபையின் வழிகாட்டியாக இருந்த எல்லன் வைட், இறைச்சி, மது, புகையிலை மூன்றையும் விட்டு தானியம், பழம், சுத்தமான தண்ணீர் என்று வாழச் சொல்லி எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பக்கங்களுக்கு அச்சுக் கோத்தபடியே அவற்றைப் படித்துத் தேறினார் ஜான். அன்றைய அமெரிக்கக் காலைச் சாப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: உப்புப் போட்ட பன்றி இறைச்சி, கொழுப்பில் வறுத்த உருளைக்கிழங்கு. தானியக் கஞ்சி வேண்டும் என்றால் மணிக்கணக்கில் அடுப்பில் கிடக்க வேண்டும். அஜீரணமும் மலச்சிக்கலும் அந்தக் காலத்து அமெரிக்கர்களின் பொதுப் புலம்பல்.

வைட் தம்பதியின் உதவியோடு மருத்துவம் படிக்கப் போனார். 1875-ல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவக் கல்லூரியில் பட்டம். அந்த மாணவப் பருவம் நம் பிஜி வாழ்க்கைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. வாடகை அறை, சமையலுக்கு வசதி கிடையாது, கையில் காசும் குறைவு. காலையில் பெரும்பாலும் தவிடு நீக்காத கோதுமையில் செய்த கிரகாம் பிஸ்கட்டும் ஆப்பிளும்தான். முன்கூட்டியே வேகவைத்த தானியம் பாக்கெட்டில் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற யோசனை அங்கே பிறந்தது என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அடுப்பு இல்லாத ஒரு பேச்சிலர் அறையின் பிரச்னையிலிருந்து ஒரு பெரிய தொழிலே கிளம்பியிருக்கிறது.

1876-ல், 24 வயதில், பேட்டில் க்ரீக்கில் சபை நடத்திவந்த சின்ன இயற்கை மருத்துவ நிலையத்துக்கு அவரைத் தலைவராக்கினார்கள். அதற்கு சானிடேரியம் என்று பெயர் மாற்றினார். பாதி ஆஸ்பத்திரி, பாதி ஓட்டல், மீதி பள்ளிக்கூடம். நீர் சிகிச்சை, ஒளிக் குளியல், உடற்பயிற்சி, எனிமா, தயிர் என்று ஒரு நாளின் ஒவ்வொரு மணிக்கும் ஏதாவது ஒன்று. அறுவை சிகிச்சையிலும் கைதேர்ந்தவர். ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன் எல்லாம் வந்து தங்கிப்போன இடம். சாப்பாட்டில் இறைச்சி, காபி, மது எதுவும் கிடையாது. அப்படியென்றால் வந்தவர்களுக்கு என்ன போடுவது?

கிரனோலாவும் நம்ம ஊர் அவலும்

நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற டாக்டர் 1863-லேயே ஒரு பதார்த்தம் செய்திருந்தார். முழுக்கோதுமை மாவைப் பிசைந்து சுட்டு, உடைத்து, மறுபடி சுட்டது. பெயர் கிரனூலா. ராத்திரியே பாலில் ஊறப்போடாவிட்டால் கடிக்க முடியாத அளவுக்குக் கெட்டி. கெல்லாக் 1870-களின் கடைசியில் கோதுமை, ஓட்ஸ், சோளம் மூன்றையும் கலந்து சுட்டு நொறுக்கி, அதே பெயரிலேயே நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஜாக்சன் தரப்பு விடுமா? வழக்கு வரும் என்றானதும் ஓர் எழுத்தை மாற்றி கிரனோலா ஆக்கிவிட்டார். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் பெயர் அப்படி வந்ததுதான்.

ஏன் இரண்டு தடவை சுட வேண்டும்? கெல்லாக்கின் வாதம் இது: நீண்ட நேர உலர்ந்த சூட்டில் மாவுச்சத்து டெக்ஸ்ட்ரின் என்ற சின்னத் துண்டுகளாக உடைகிறது, வயிற்றின் வேலை பாதி குறைகிறது. அதில் விஷயம் இருக்கிறது. டோஸ்ட்டின் மேல் பழுப்பு நிறத்திலும் லேசான இனிப்பிலும் அந்த மாற்றத்துக்கும் பங்கு உண்டு. சத்துமாவுக்கு தானியத்தை வறுக்கும்போது நம் அம்மாக்கள் வாசனை வரும் வரை விடாமல் கிளறுவார்களே, அதே சமாச்சாரம். ஹெப்பகோடியைச் சுற்றியிருக்கிற ஆனேக்கல் பக்கம் ராகி விளைகிற மண். கன்னடக்காரர்கள் ராகியைப் பொரித்து அரைத்து ஹுரிஹிட்டு என்று வைத்திருப்பார்கள். பாலும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்தால் போதும், அடுப்பே வேண்டாம். கெல்லாக் தேடிய பொருள் இங்கே ஏற்கெனவே டப்பாவில் இருந்தது.

அடுத்த கட்டம் 1894. வேகவைத்த கோதுமை ஒரு தடவை சீக்கிரம் உருளையில் போகாமல் தங்கிவிட்டது. அதை வீணாக்க மனசில்லாமல் உருளையில் விட்டபோது ஒவ்வொரு மணியும் தனித்தனி செதிலாக வந்தது. ஈரம் தானியத்துக்குள் சமமாகப் பரவ நேரம் கொடுத்தால் மாவாக ஒட்டாமல் தட்டையாகும் என்பதுதான் அதில் கிடைத்த பாடம். இதைக் கண்டுபிடித்தது ஜானா, மனைவி எல்லாவா, தம்பி வில்லா என்பதில் ஆளுக்கொரு கதை உண்டு. காப்புரிமை மட்டும் 1896 ஏப்ரலில் ஜான் பெயரில் வந்தது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, தட்டி அவல் ஆக்குகிற நம்ம ஊர் மில்லுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது. இன்று நாம் வாங்கும் ஓட்ஸும் அப்படித்தான் வருகிறது, உமி நீக்கி, ஆவியில் வேகவைத்து, உருளையில் தட்டையாக்கி. சுருக்கமாகச் சொன்னால் ஓட்ஸ் அவல்.

எல்லாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. சானிடேரியத்தின் சோதனைச் சமையலறையை நடத்தியது அவர்தான். 1892-ல் ஒரு பெரிய சமையல் புத்தகமும் எழுதினார். டாக்டரின் கொள்கைகளை வாயில் வைக்கிற மாதிரி ஆக்கிய வேலை பெரும்பாலும் அவருடையது. டப்பாவில் அவர் பெயர் எங்கேயும் இல்லை.

தம்பி கணக்குப் போட்டார்

வில் கீத் கெல்லாக் அண்ணனைவிட 8 வயது இளையவர். சானிடேரியத்தில் கணக்கு, கடிதம், சரக்கு, சமையலறை என்று சுமார் 25 வருஷம் உழைத்தவர். சம்பளம் சொற்பம். அண்ணன் சைக்கிள் ஓட்டிக்கொண்டே கட்டளை சொல்ல, தம்பி பக்கத்தில் ஓடிக்கொண்டே குறிப்பு எடுப்பார் என்று சொல்வார்கள். மேனேஜர் சைக்கிளில், டீம் மெம்பர் ஓட்டத்தில். இந்தக் காட்சியைப் படிக்கிற ஐடி ஊழியர்கள் யாரையாவது நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நடுவில் இன்னொருவர் முந்திக்கொண்டார். 1891-ல் நோயாளியாக வந்து தங்கிய சி. டபிள்யூ. போஸ்ட், ஊரை விட்டுப் போகாமல் அங்கேயே காபிக்கு மாற்றான ஒரு பானமும், பிறகு தானிய உணவும் செய்து விற்றுக் கோடீஸ்வரர் ஆகிவிட்டார். அண்ணனுக்கு அதில் எரிச்சல்தான். தம்பிக்கோ வயிற்றெரிச்சல், ஏனென்றால் கோட்டைவிட்ட பணம் எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரிந்தவர் அவர்.

1906-ல் வில் தனிக் கம்பெனி தொடங்கினார். கோதுமைக்குப் பதில் சோளம். மால்ட், உப்பு, கூடவே சர்க்கரை. அண்ணனுக்கு இது துரோகமாகத் தெரிந்தது. வெள்ளைச் சர்க்கரை வயிற்றைக் கெடுக்கும் என்று ஊர் ஊராகப் பேசிவந்தவர் அவர். தன் பெயரை விளம்பரத்தில் பார்ப்பது டாக்டர் தொழிலுக்கே இழுக்கு என்றும் நினைத்தார். தம்பியின் வாதம் எளிமையானது: நோயாளி டாக்டர் சொன்னதற்காகச் சாப்பிடுவான், கடைக்கு வருகிறவன் ருசித்தால்தான் மறுபடி வாங்குவான்.

ஆனால் அண்ணனும் இனிப்பே இல்லாமல் இருக்கவில்லை. மால்ட்டிலிருந்து எடுத்த தேன் போன்ற ஒரு பாகை அவர் தன் உணவுக் கம்பெனி வழியாக விற்றார். கரும்புச் சர்க்கரை கெடுதல், தானியச் சர்க்கரை நல்லது என்பது அவர் கணக்கு. இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? வெள்ளைச் சர்க்கரை சேர்க்கவில்லை, தேன் சேர்த்திருக்கிறோம் என்று இன்றைய பார் கவர்களில் எழுதுகிறார்களே, அதேதான். உலக சுகாதார நிறுவனம் தேனையும் பாகையும் தனியாகப் பிரிப்பதில்லை. உணவில் சேர்க்கும் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வைக்கிறது.

கெல்லாக் என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று இருவரும் 10 வருஷத்துக்கு மேல் வழக்காடினார்கள். 1920-ல் மிஷிகன் உச்ச நீதிமன்றம் தம்பி பக்கம் தீர்ப்பு சொன்னது. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதே அபூர்வம்.

மீம் சொல்வதும், மீம் சொல்லாததும்

இணையத்தில் கெல்லாக் பற்றித் தேடினால் முதலில் வருவது ஒரு மீம்: சுயஇன்பத்தைத் தடுக்கத்தான் கார்ன் ஃப்ளேக்ஸ் கண்டுபிடித்தார் என்று. இது முழு உண்மை இல்லை. காரமும் இறைச்சியும் காம உணர்ச்சியைத் தூண்டும், சப்பென்ற உணவு அடக்கும் என்று அவர் எழுதியது நிஜம். சுயஇன்பத்தை ஒரு வியாதியாகவே பார்த்தார், அதைத் தடுக்கச் சிறுவர் சிறுமியருக்கு அவர் பரிந்துரைத்த சில முறைகள் கொடூரமானவை. ஆனால் செதில் தானியத்தைச் செய்ததும் விளம்பரப்படுத்தியதும் ஜீரணத்துக்காக. காப்புரிமையிலும் வேறு எதுவும் இல்லை.

மீம் விட்டுவிடுகிற விஷயம்தான் பெரியது. கெல்லாக் யூஜெனிக்ஸ் என்கிற இனமேம்பாட்டுக் கொள்கையின் முன்னணிப் பிரசாரகர். இனமேம்பாட்டுக்கென்றே ஓர் அறக்கட்டளை வைத்து, 1914, 1915, 1928 ஆகிய ஆண்டுகளில் பெரிய மாநாடுகள் நடத்தினார். யார் பிள்ளை பெறலாம், யார் கூடாது என்பதை வம்சாவளி பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்று வாதிட்டார். அந்தக் காலத்தில் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மனநோயாளிகள், ஏழைகள், கைதிகள் என்று ஆயிரக்கணக்கானோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. மிஷிகன் 1913-ல் அதற்குச் சட்டமே போட்டது. இதே மனிதர் சொந்தப் பிள்ளைகள் இல்லாமல், 40-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வீட்டில் வைத்து வளர்த்தார், அவர்களில் வெவ்வேறு இனத்தவர் இருந்தார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். ஒன்றை வைத்து இன்னொன்றை நேர்செய்ய முடியாது என்பது என் கருத்து. உடம்பின் தூய்மை பற்றிய அக்கறை எந்தப் புள்ளியில் மனிதர்களைத் தரம் பிரிப்பதாக மாறியது என்பதை, டயட் இன்ஃப்ளூயன்சர்களின் பேச்சைக் கேட்கும்போது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

போய்ச் சேராத கடிதம்

1902-ல் சானிடேரியம் தீயில் எரிந்தது. அடுத்த வருஷமே பெரிதாகக் கட்டினார். சபையோடு மோதல் முற்றி 1907-ல் விலக்கப்பட்டார். 1929-க்குப் பின் வந்த பொருளாதார மந்தத்தில் பணக்கார நோயாளிகள் வருவது நின்றது, நிறுவனம் கடனில் மூழ்கியது. 1942-ல் கட்டடத்தை அமெரிக்க ராணுவம் வாங்கிக்கொண்டது. தம்பியோ அதே மந்தக் காலத்தில் விளம்பரத்தைக் கூட்டி, கம்பெனியை வளர்த்து, 1930-ல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளையும் தொடங்கியிருந்தார்.

கடைசி வருஷத்தில் ஜான் தம்பிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தன் தவறுகளை ஒப்புக்கொண்டு, தம்பி செய்தது சரியென்று ஏற்றுக்கொண்ட கடிதம். அண்ணன் இவ்வளவு இறங்கிப்போவது அவருக்கு மரியாதையில்லை என்று நினைத்த உதவியாளர் அதைத் தபாலில் சேர்க்கவில்லை. 1943 டிசம்பர் 14 அன்று ஜான் இறந்தார். கடிதம் தம்பி கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். வில் 1951-ல் இறந்தார். இருவருக்குமே இறக்கும்போது வயது 91. சர்க்கரைச் சண்டையில் ஆயுளை வைத்து யார் ஜெயித்தார் என்று சொல்ல வழியில்லை.

தம்பி போன மறு வருஷம், 1952-ல், அந்தக் கம்பெனி சர்க்கரை பூசிய ஃப்ளேக்ஸையே டப்பாவில் போட்டது. மறந்துபோயிருந்த கிரனோலா 1960-களில் ஹிப்பி இளைஞர்கள் கையில் ஓட்ஸ், தேன், எண்ணெய் என்று புது வடிவம் எடுத்தது. அதையே அழுத்திப் பாராக்கி, 1975-ல் நேச்சர் வேலி பிராண்டு பெரிய அளவில் கடைக்குக் கொண்டுவந்தது. உதிரியை ஒட்டவைக்க பாகு வேண்டும். பாரில் இனிப்பு ருசிக்கு மட்டும் இல்லை, பசையும் அதுதான். பொருள்விளங்கா உருண்டையும் கோவில்பட்டி கடலை மிட்டாயும் நமக்கு எப்போதோ சொல்லிக்கொடுத்த பாடம்.

கடாயில் செய்தால் கணக்கு என்ன?

12 பாருக்கு: ஓட்ஸ் 180 கிராம், வேர்க்கடலை 60, கொட்டை நீக்கிய பேரீச்சை 60, வெல்லம் 120, நெய் ஒரு டேபிள்ஸ்பூன். ஒரு பார் சுமார் 35 கிராம், 150 கலோரிக்குப் பக்கம். அதில் வெல்லம் மட்டும் 10 கிராம். வீட்டில் செய்தும் எடையில் கால் பங்குக்கு மேல் வெல்லம்தான், அது பெரும்பாலும் சர்க்கரைதான்.

இன்னொரு கணக்கு. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து தினமும் 3 கிராம் கிடைத்தால் கொலஸ்ட்ரால் குறைய உதவும் என்று விளம்பரப்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-ல் அனுமதித்தது. அதற்கு சுமார் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். இந்த பாரில் அது 5 துண்டு. 5 துண்டில் வெல்லம் 50 கிராம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு சேர்க்கும் சர்க்கரையின் உச்ச வரம்பாக உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் 50 கிராம்தான், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. அதனால் கொலஸ்ட்ராலுக்காக ஓட்ஸ் சாப்பிடுகிறவர் கஞ்சியாகக் குடிக்கட்டும். பார் என்பது ஷிஃப்ட் நடுவே பசி தாங்க ஒரு துண்டு, அவ்வளவுதான்.

செய்முறை சுலபம். ஓட்ஸை சின்னத் தீயில் ஐந்தாறு நிமிஷம், லேசாக நிறம் மாறி வாசனை வரும் வரை வறுக்கவும். கடலையை வறுத்துத் தோல் நீக்கி, பாதியை ஒன்றிரண்டாக உடைத்து, மீதியை எண்ணெய் பிரியும் வரை அரைக்கவும். அந்த விழுதும் பேரீச்சை விழுதும்தான் பாகுக்குத் துணைப் பசை. வெல்லத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டிக் காய்ச்சவும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் திரண்டு விரலில் மெத்தென்று உருள வேண்டும். டங்கென்று சத்தம் வந்தால் அது கடலை மிட்டாய் பதம், பல் பத்திரம். அடுப்பை அணைத்து நெய்யும் மற்றதெல்லாமும் சேர்த்துக் கிளறி, நெய் தடவிய தட்டில் கொட்டி, டம்ளரின் அடிப்பாகத்தால் பலம் கொடுத்து அழுத்தவும். அழுத்தம் போதாவிட்டால் பார் உதிர்ந்துவிடும்.

வெல்லத்தை 80-க்குக் குறைத்துப் பேரீச்சையை 100 ஆக்கலாம். பார் மெதுவாக இருக்கும், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஓட்ஸில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாக வறுத்த அவலும் போடலாம். வெதுவெதுப்பாக இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிடுங்கள், ஆறினபிறகு வெட்டினால் நொறுங்கும்.